கடனுக்குப் போட்ட சரக்கும் வருவாயா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மதுரை கீழமாசி வீதியில் என் தந்தை மளிகை மொத்தக் கடை வைத்திருந்தார். கடனில் போன மூட்டையைப் பற்று ஏட்டில் எழுதுவார். பணம் கல்லாவில் விழுந்த பிறகுதான் வியாபாரம் முடிந்தது என்பார்.

நான் பங்கு வாங்கிய ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைச் சென்ற வாரம் புரட்டினேன். முன்பக்கத்தில் விற்பனை ஏறுமுகம், கூடவே தலைவரின் சிரித்த முகம். உள்ளே போனால் வசூலாகாத பாக்கி இரு மடங்கு. தொழிலில் வந்த ரொக்கமோ மைனஸ். மார்ச் கடைசியில் முகவர்கள் தலையில் சரக்கைக் கட்டிவிட்டு, விற்றதாக எழுதிக்கொண்டார்களோ என்னவோ. விளக்கமெல்லாம் எறும்பு எழுத்தில், கடைசிப் பக்கங்களில்.

இது சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் நடந்தது போன்ற மோசடி அல்ல. அங்கே இல்லாத 5,040 கோடி ரூபாயை இருப்பாகக் காட்டியதாக 2009-இல் அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். இங்கே விதியே இடம் கொடுக்கிறது. 2018 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள இந்தியக் கணக்கியல் தரநிலை 115-இன்படி, பொருளின் கட்டுப்பாடு வாங்குபவர் கைக்கு மாறினாலே அது வருவாய். பணம் வந்திருக்க வேண்டியதில்லை. திரும்பி வரக்கூடிய சரக்கை மதிப்பிட்டுக் கழிக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் மதிப்பிடுவது அதே நிறுவனம்தானே!

கையில் உண்மையில் வந்த, போன பணத்தைக் காட்டும் ரொக்கப் புழக்க அறிக்கையை நிறுவனங்கள் அரையாண்டுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும் என்கிறது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி. அதைக் காலாண்டுதோறும் கேட்க வேண்டும். தங்கள் வணிகப் பக்கத்திலும் நிகர லாபத்துக்குக் கீழே வசூலான ரொக்கத்தை ஒரு வரி போடலாமே.

– சிறு முதலீட்டாளர் ஒருவர்,
சிம்மக்கல், மதுரை.