கலங்கலா இருந்தா எல்லாமே வீட் பீரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பெங்களூரு மைக்ரோப்ரூவரிகள பத்தி ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஃபில்டர் பண்ணாத ஜெர்மன் பீர்னாலே ஹெஃபவைசன்ங்கிற கோதுமை பீர்தான் (வீட் பீர்)னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க, அதான் எழுத உக்காந்தேன். ஊர்ல பாதிப் பேர் அப்டித்தான் நெனைக்கிறாங்க. கோரமங்களால ஒரு பப்ல மெனுல கெல்லர்பியர்னு பாத்து ஆர்டர் பண்ணேன், கொண்டு வந்த தம்பி நம்ம தர்மபுரி பக்கம், "அண்ணா இதுவும் வீட் பீர்தாண்ணா, கலங்கலா இருக்குல்ல"ன்னு வெச்சிட்டுப் போயிட்டாரு. மோந்து பாத்தா வாழப்பழ வாசனையே இல்ல, புதுசா சுட்ட ப்ரெட் ஓரம் மாதிரி ஒரு மணம், கேஸும் கம்மி. அது சுத்தமான லாகருங்க, அதாவது குளிர்ல மெதுவா நொதிக்க விடற பீர் வகை.

கலங்கல்ங்கிறது ஃபில்டர் பண்ணாததால வர்றது, அவ்ளோதான். கலக்கி ஊத்தினா ரசம் சாம்பார் ஆயிடுமா? ஹெஃபவைசன்ல வர்ற வாழப்பழம், கிராம்பு வாசனை எல்லாம் அந்த ஈஸ்ட்டோட வேல, கூடவே மால்ட்ல, அதாவது முளைக்க வெச்சு காய வெச்ச தானியத்துல, பாதிக்கு மேல கோதுமை. அதையே ஃபில்டர் பண்ணி கண்ணாடி மாதிரி விக்கிறாங்க, பேரு கிறிஸ்டல்வைசன், அதுலயும் வாழப்பழம் இருக்கும். கெல்லர்பியர் வேற வழி, லாகர் ஈஸ்ட், பெரும்பாலும் பார்லி மால்ட்தான், குளிர்ல ஊற வெச்சு ஃபில்டர் பண்ணாம அப்டியே ஊத்துவாங்க. வடக்கு பவேரியால ஃப்ராங்கோனியா பக்கம்தான் இதுக்குப் பேர்போன இடம். அங்க பாம்பெர்க் ஊர்ல மார்ஸ் ப்ராய்ங்கிற ப்ரூவரில 'ஆ ஊ'ன்னு கேட்டா குடுக்கறது இந்த வகைதான், டேங்க்க இறுக்கி மூடாம ஊற விடறதால நுரை பொங்காம மெத்துனு இருக்கும்.

சரி, இத எந்த வகைல சேக்கறது? இங்கதான் பெரியவங்களே தடுமாறுறாங்க. அமெரிக்காவுல பீர் போட்டி ஜட்ஜுங்களுக்கு ஸ்டைல் பட்டியல் போடற பி.ஜே.சி.பி., 2015ல கெல்லர்பியர ஆம்பர் நிற, கசப்பான ஐரோப்பிய பீர்ங்கிற தலைப்புல போட்டு, அதுக்குள்ளயே வெளிர் கெல்லர்பியர், ஆம்பர் கெல்லர்பியர்னு ரெண்டா பிரிச்சாங்க, வெளிர் நிறத்துக்கு ஆம்பர் தலைப்புல என்ன வேலைன்னு அப்பவே தோணுச்சு. 2021ல அத அங்கிருந்து தூக்கி 'வரலாற்று பீர்' வரிசைல வெச்சிட்டாங்க. இன்னிக்கும் ஃப்ராங்கோனியால தெனம் காய்ச்சி தெனம் குடிக்கிற ஒண்ணு எப்டிங்க வரலாறு ஆகும்?

என்னக் கேட்டா இது தனி ஸ்டைலே இல்ல. ஹெல்லெஸ்ங்கிற வெளிர் லாகர ஃபில்டர் பண்ணாம ஊத்தினா அது கெல்லர் ஹெல்லெஸ், மேர்ட்சன்ங்கிற ஆம்பர் லாகர ஊத்தினா கெல்லர் மேர்ட்சன், மூலம் என்னவோ அந்த வகைலயே வெச்சு 'ஃபில்டர் பண்ணாதது'ன்னு பக்கத்துல ஒரு வார்த்தை போட்டா போதும். ஆனா எல்லா எடத்துலயும் இது எடுபடாது, கொலோன் நகரத்து பீருக்கு கோல்ஷ்னு பேர் போட, அந்த ஊர் ப்ரூவரிங்க போட்ட 1986 ஒப்பந்தப்படி பீர் தெளிவா இருக்கணும், அதனால ஃபில்டர் பண்ணாதத கொலோன்ல வீஸ்ங்கிற பேர்லதான் விக்கிறாங்க. அங்க கலங்கல் பேரையே மாத்திடுது, ஒத்துக்கறேன்.

நம்ம ஊர் பப்காரங்க மெனுல 'கெல்லர்'னு மட்டும் போடாம, அடியில இருக்கறது ஹெல்லெஸா மேர்ட்சனா, என்னிக்கு டேங்க்லருந்து எறக்குனதுன்னு ரெண்டு வரி சேத்து எழுதினா கேக்கறவங்களுக்கும் தெரியும், பரிமாறற தம்பிங்களுக்கும் பதில் சொல்ல ஈஸியா இருக்கும். அடுத்த இணைப்புல இத ஒரு சின்ன திருத்தமா போட்டீங்கன்னா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
இந்திராநகர் வாசகர், பெங்களூரு