உன் மணிக்கூடா, சுவர் மணிக்கூடா?

ரொறன்ரோ

அன்புள்ள வதனிக்கு,

இரண்டு வருடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது காரியத்தோடு வருகிறாள் என்று திட்டுவாய். திட்டு, ஆனால் கடைசிவரை வாசி. அத்தானின் முழங்கால் எப்படி? பரிமளம் மாமி இன்னும் அந்த ஆட்டோடுதான் கதைக்கிறாவா? இங்கே எல்லோரும் சுகம். எனக்குத்தான் மூன்று இரவாக நித்திரை இல்லை.

யாழினிக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. நல்ல பெடியன், அவளுக்கும் பிடித்துவிட்டது. ஐயா கைப்பட எழுதிய சாதகக் குறிப்பை அனுப்பினோம். அவர்கள் அவளுடைய நாளையும் நேரத்தையும் கொம்பியூற்றரில் போட்டிருக்கிறார்கள். ஐயா எழுதியது துலா லக்கினம். கொம்பியூற்றர் கன்னி என்கிறது. பொருத்தம் வரவேண்டும் என்று நாங்கள் குறிப்பை மாற்றி எழுதுவித்ததாகப் பெடியனின் பெரியம்மா சொன்னாவாம். ஐயா பொய்க்குறிப்பு எழுதினாராம்! ஒரு நாழிகை பிசகினால் திரும்பவும் முதலிலிருந்து கணக்குப் போடுகிற மனுசன்! கேட்டவுடன் எனக்குக் கை நடுங்கியது.

எங்கே பிழைத்தது என்று மகன்தான் கண்டுபிடித்தான். பிறந்த இடம் கிளிநொச்சி என்று போட்டால் அது கொழும்பு நேரத்தைத்தான் எடுக்கிறது. 1996 மே 25 அன்று கரண்ட் மிச்சம் பிடிக்க ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், ஒக்ரோபர் 26இல் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள், மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15இல்தான் திரும்பியது. எல்லாத் திகதியும் அதற்குள் இருக்கிறது. ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டிப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தால் அந்தப் பத்து வருடமும் எங்கள் மணிக்கூடு அசையவே இல்லை என்பதுதான் அதற்குத் தெரியாது. உனக்கு பிபிசி தமிழோசை ஒன்பதே முக்காலுக்கு, எனக்கு ஒன்பதே காலுக்கு. குரல் ஒன்று, நேரம் இரண்டு. கரண்டே இல்லாத ஊரில் கரண்ட் மிச்சம் பிடிக்க மணிக்கூட்டை யார் தள்ளப்போகிறார்கள்?

உலகத்துக் கொம்பியூற்றர்கள் எல்லாம் பார்க்கிற நேர அட்டவணை ஒன்று இருக்கிறது, வதனி. ஆதர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் 1980களில் தொடங்கியதாம், பிறகு போல் எக்கட் என்பவர் கவனித்து வருகிறார். 1970 தொட்டு எந்தெந்த ஊர்களின் மணிக்கூடுகள் ஒத்துப்போயினவோ அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரு வரி. ஒத்துப்போகாவிட்டால் தனி வரி. மேற்கு அவுஸ்திரேலியாவில் வனாந்தரத்து நெடுஞ்சாலையோரம் யூக்லா என்றொரு குக்கிராமம். கிறீனிச்சுக்கு எட்டே முக்கால் மணித்தியாலம் முன்னுக்கு நிற்கிற அதன் நேரத்தை எந்த அரசாங்கமும் சட்டமாக்கவில்லை. அதற்கும் ஒரு வரி இருக்கிறது! சீனாவில் உரும்கிப் பக்கத்துச் சனம் பெய்ஜிங் நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம் பிந்தித் தங்கள் நேரம் வைத்திருக்கிறது. அதற்கும் இருக்கிறது. விடிய விடிய அதையே வாசித்தேன். ஒரு தூரத்து ஊரில் மணிக்கூடு என்ன காட்டியது என்று தேடித் தேடி எழுதிவைக்கிற மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

எங்களையும் அவர்கள் விடவில்லை. 2006இல் எக்கட் அதில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருப்பவர்கள் கல்கத்தா வரியை, அதாவது இந்திய நேரத்தை, பாவிக்கலாம், 1970 தொட்டு இரண்டும் ஒத்துப்போகின்றன என்று. மகன் அதை வாசித்துக் காட்ட எனக்கு அழுகை வந்தது. யாரோ ஒருவர் எங்கள் நேரத்தையும் கணக்கில் எடுத்திருக்கிறார். ஆனால் அந்தக் குறிப்பு மனிதர் வாசிப்பதற்கு, கொம்பியூற்றருக்கு அல்ல. கிளிநொச்சி என்று போட்டால் கல்கத்தா வரியை எடு என்று அதற்கு யார் சொல்வது?

மகன் அப்படி எடுத்துப் போட்டுப் பார்த்தான். துலா வந்தது. சந்தோசத்தில் துள்ளினேன். படுக்கப் போனபிறகுதான் உன் மணிக்கூடு நினைவுக்கு வந்தது.

2002 ஐப்பசி, யாழினி பிறந்தபோது. நீ முதல்நாள் பின்னேரம்தான் வவுனியாவிலிருந்து வந்து இறங்கினாய். பஸ்ஸில் எல்லோரும் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப, நீ மட்டும் மாட்டேன் என்றாய். "நான் அரசாங்க உத்தியோகத்தி, என்ரை மணிக்கூடும் அரசாங்கம்!" எத்தனை வருடம் அதைச் சொல்லிச் சிரித்தோம். பிள்ளை பிறந்ததும் பஸ் ரிக்கற்றின் பின்பக்கத்தில் 6.05 என்று எழுதி ஐயாவிடம் கொண்டுபோனதும் நீதான். ஆஸ்பத்திரி அட்டை 2009இல் இடம்பெயர்ந்து ஓடும்போது போய்விட்டது. அந்த 6.05ஐ நீ உன் கையில் பார்த்தாயா, வார்ட்டுச் சுவரில் பார்த்தாயா? உன் கையில் என்றால் கொம்பியூற்றர்தான் சரி, ஐயாவுக்கு நாங்கள் பிழையான நேரம் கொடுத்துவிட்டோம்.

அம்மாவின் ஓலையில் இந்தத் தொல்லை இல்லை. அவ பிறந்தது 1943. யுத்தத்துக்காக 1942இலேயே இரண்டு தரம் நேரத்தை முன்னுக்குத் தள்ளி, 1945 ஒக்ரோபர்வரை அப்படியே விட்டிருந்தார்கள். ஓலையில் இருப்பதோ சூரியன் உதித்து எத்தனை நாழிகை என்று. அதை எந்த அரசாங்கம் தள்ளும்? யாழினியின் குறிப்பிலும் உதயாதி நாழிகை இருக்கிறது, ஆனால் ஐயா அதைக் கணக்குப் போட்டது உன் ரிக்கற்றை வைத்து.

அதனால் மணிக்கூட்டை விடு. இருபத்துமூன்று வருடத்துக்கு முந்திய மணிக்கூடு யாருக்கு நினைவிருக்கும்? ஐப்பசியில் அங்கே பழைய நேரம் ஆறு மணிக்குச் சற்று முன் சூரியன் வந்துவிடும். பழைய நேரம் 6.05 என்றால் வெயில் விழுந்திருக்கும். புது நேரம் என்றால் உதயத்துக்கு இன்னும் இருபது நிமிசத்துக்கு மேல் இருந்திருக்கும். அவள் முதல் அழுகை கேட்டபோது நீ வாசலில் நின்றாய். வெளிச்சம் எப்படி இருந்தது? தாதி லாம்பை அணைத்துவிட்டாவா?

எனக்கு ஒரு நினைவு இருக்கிறது. அதை உனக்கு எழுதமாட்டேன், எழுதினால் நீ என் நினைவையே திருப்பிச் சொல்வாய். எது வந்தாலும் அவர்களுக்கு உள்ளதைத்தான் சொல்லப்போகிறேன், கன்னி என்றால் கன்னி. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அதற்குமுன் எழுது.

உன்
கமலா