ஆட்டத்தையும் பாடவேளையாக ஏற்றுக்கொள்ளுங்கள்: தொடக்கக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்களுக்கும், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் ஆசிரியர் கையேட்டுக் குழுவினருக்கும் வணக்கம்.

ஈராசிரியர் பள்ளி ஒன்றில் முதல் மூன்று வகுப்புகளையும் சேர்த்து நடத்தும் இடைநிலை ஆசிரியை நான். கும்மி, கோலாட்டம் போன்ற ஆட்டத்தையும் உடலசைவையும் இவ்வகுப்புகளில் ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கருதாமல், பாடம் நடத்தும் முறைகளுள் ஒன்றாக ஏற்று நேரமும் பயிற்சியும் ஒதுக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

குறில், நெடில் வேறுபாட்டில் பிள்ளைகள் படும் பாடு தாங்கள் அறியாததன்று. "கால்" என்று வாயால் சரியாகச் சொல்லும் பிள்ளை, எழுதும்போது "கல்" என்று எழுதிவிடுகிறது. சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தால், மறுநாள் "படம்" என்பதைப் "பாடம்" என்று எழுதிக்கொண்டு வருகிறது. சென்ற ஆண்டு ஒரு நாள் பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு, பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, குறிலுக்கு ஓர் எட்டு, நெடிலுக்கு இரண்டு தாளம் வரும்வரை காலைத் தரையோடு இழுத்து வைக்கும் ஓர் எட்டு, புள்ளி வைத்த எழுத்துக்கு ஒரு கைத்தட்டு என்று சொல்லிக்கொடுத்தேன். அவர்களே சொற்களைச் சொல்லிச் சொல்லி வட்டத்தைச் சுற்றினார்கள். நான்காம் நாள் கரும்பலகைக்கு வந்த ஒரு சிறுமி, "கா" எழுதுமுன் வலக்காலை மெல்ல இழுத்துப் பார்த்தாள். பிறகுதான் துணைக்கால் போட்டாள். அவ்வளவு நாள் நான் சிவப்பு மையால் சொல்லிப் புரியாததை அவளுடைய கால் அவளுக்குச் சொல்லிவிட்டது.

இதில் என் புதுமை ஏதும் இல்லை. எழுத்தை ஒலிக்கும் நேர அளவான மாத்திரைக்குத் தொல்காப்பியம் காட்டும் அளவே கண்ணிமைப்பதும் கைநொடிப்பதும்தான். உடலால் அளக்கப்பட்ட ஓர் இலக்கணத்தை உடலை அசையவிடாமல் கற்பிக்க முயல்கிறோம் என்பதே என் வருத்தம்.

கணக்கிலும் அப்படித்தான். பழைய செய்தித்தாளை இறுகச் சுருட்டிக் கோல் செய்து, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கோலாட்டத்துக்கு இணை சேரச் சொன்னால், யாராவது வராத நாளில் ஒருவன் எதிராள் இல்லாமல் நிற்பான். "ஒற்றைப்படை!" என்று வகுப்பே கூவும். நடக்க இயலாத பிள்ளை நடுவில் அமர்ந்து தாளம் போட, மற்றவர் அதற்கேற்ப அடி வைப்பர். யாரும் ஒதுங்கி வேடிக்கை பார்க்க நேர்வதில்லை.

ஆனால் இப்படி ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது பார்வையிட வந்த அலுவலர் ஒருவர், வாசலில் சற்று நேரம் நின்றுவிட்டு, "பாடம் எப்போது தொடங்குவீர்கள்?" என்று கேட்டார். அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அவர் கையிலிருந்த படிவத்தில், அவர் கண்ணால் கண்டதை எழுதுவதற்கு ஓர் இடம் இல்லை.

துறை இவ்வழியில் நடந்ததே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகளைப் பெஞ்சிலிருந்து தரைக்கு இறக்கியது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பாடலையும் கதையையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கவும் வழிசெய்தது. எனினும் ஆள் என்று வரும்போது சிறியவர்களுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கலைக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநரைக் கேட்பது, நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிகளின் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு மட்டுமே. 2012இல் தமிழ்நாட்டில் அமர்த்தப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களும் அவ்வகுப்புகளுக்கு உரியவர்களே. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் நன்றாக உடலை அசைக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. உட்கார்ந்தே இருக்க மிகவும் துன்பப்படும் வயதினருக்குத்தான் நாம் ஆட்டத்தை ஆண்டுவிழா மேடைக்கென்று ஒத்திவைக்கிறோம். அம்மேடையிலும் பெரும்பாலும் திரைப்பாட்டுக்கு, வாடகை உடையில், நன்றாக ஆடும் ஏழெட்டுப் பேர் மட்டுமே ஏறுகிறார்கள்.

நான் பரதநாட்டிய ஆசிரியரைக் கேட்கவில்லை, ஒலிபெருக்கியும் வேண்டாம். ஆசிரியர் கையேட்டில் எந்தப் பாடத்துக்கு எந்த அசைவு பொருந்தும் என்று பாடத்தோடு பாடமாக அச்சிட்டுத் தாருங்கள். அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சிகளில், திரையில் படம் காட்டுவதற்குப் பதிலாக, கும்மியும் ஒயிலாட்டமும் அறிந்த உள்ளூர்க் கலைஞர் ஒருவரை அழைத்து எங்களையே ஆடவையுங்கள். கூச்சம் எங்களுக்குத்தானே தவிர பிள்ளைகளுக்கு இல்லை. முதல் இரண்டு வகுப்புகளின் அறைகளில் பெஞ்சுகளை நிரப்ப நேரும்போது, பத்துப் பிள்ளைகள் கைகோத்து நிற்கும் அளவுக்காவது நடுவில் இடம் விடச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்வைப் படிவத்தில் "உடலசைவு வழிக் கற்றல்" என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி இருந்தால், அடுத்த முறை வரும் அலுவலர் வாசலில் நிற்காமல் உள்ளே வந்து, அந்தப் பிள்ளைகள் எந்தச் சொல்லுக்கு எட்டு வைக்கிறார்கள் என்று கேட்பார்.

நன்றியுடன்,
அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர்