மாட்டுங்கா அத்தைக்கு, முழங்கால் ஆபரேஷனுக்கு முன்

அன்புள்ள அத்தைக்கு,

நேற்றுப் போனில் ஆபரேஷனைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை. பீரோ சாவி இருக்கும் இடத்தை மாமாவுக்குக் காட்டிவிட்டதாக மட்டும் சொன்னீர்கள். எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுடைய பயமெல்லாம் மயக்க மருந்தின் மேல்தான்.

இந்த மும்பையில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டராக எத்தனை வருடம் வேலை பார்த்தாலும் நம் வீட்டில் நான் 'ஊசி போடும் டாக்டர்'தான். ஊசி போட்டுவிட்டுக் கிளம்புகிற வேலை இல்லை அத்தை இது. தையல் முடியும் வரை மயக்கவியல் மருத்துவர் உங்கள் தலைமாட்டிலேயே இருப்பார், ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் பார்த்துக்கொண்டு.

முழங்காலுக்குப் பெரும்பாலும் முதுகில் போடும் ஸ்பைனல் ஊசிதான். முதுகை வளைத்து உட்காரச் சொல்வார்கள். தோல் மரத்துப்போக முதலில் ஒரு சின்ன ஊசி, சுருக்கென்று இருக்கும். பிறகு யாரோ அழுத்துவது போலத் தெரியும். சில நிமிடங்களில் பாதம் கதகதப்பாகும், கால் கனக்கும், அப்புறம் அசைக்கவே வராது. பக்கவாதம் வந்துவிட்டதோ என்று பலர் கண்கலங்குவது இந்த இடத்தில்தான். சில மணி நேரத்தில் உணர்வு திரும்பிவிடும். தண்டுவடத்தில் குத்திவிடுமோ என்றும் பயப்படாதீர்கள், அது முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது.

இன்னொன்று. விழித்திருந்தால் ரம்பமும் சுத்தியலும் காதில் விழும், தச்சுப்பட்டறையேதான். வலி இருக்காது, அசைவு தெரியும். இதை முன்கூட்டிச் சொல்லாத மருத்துவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. சத்தம் வேண்டாமென்றால் ஹெட்போனில் பாட்டுக் கேட்கலாமா என்று கேளுங்கள். லேசாகத் தூங்க வைக்கும் மருந்தும் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் மருத்துவர் வந்து பேசிய நோயாளிகள், தூக்க மருந்து மட்டும் வாங்கியவர்களைவிட அமைதியாக இருந்தார்கள் என்று 1963-லேயே அமெரிக்காவில் ஆய்வு செய்து எழுதிவிட்டார்கள். அதனால் உங்களைப் பார்க்க வரும் மருத்துவரைச் சும்மா விடாதீர்கள். அவருக்குத் தமிழ் வராவிட்டால் எனக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுங்கள். நீங்கள் சாப்பிடும் சித்த மருந்து லேகியத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வெறும் தண்ணீரை மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்க அனுமதிப்பது இன்றைய வழக்கம். உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரத்தையே பின்பற்றுங்கள். ஆனால் பால் விட்ட ஃபில்டர் காபி சாப்பாட்டுக் கணக்கு, ஆறு மணி நேரம் ஆகவேண்டும். "ஒரு வாய்தானே" என்று மாமா நீட்டினாலும் வாங்காதீர்கள்.

தாலியைக் கழற்றச் சொல்வார்கள். ரத்தக்கசிவை நிறுத்த மின்சாரக் கருவி வைப்பதால் உடம்பில் உலோகம் இருக்கக்கூடாது. முதல் நாளே வீட்டில் சாமி முன்னால் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தியேட்டர் வாசலில் நர்ஸ் மராத்தியில் அவசரப்படுத்தும்போது கழற்றினால்தான் மனது குலைந்துபோகிறது.

மாமாவைக் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். உங்களோடு சேர்ந்து அவரும் பட்டினி கிடந்து வாசல் பெஞ்சில் மயங்கி விழுந்தால், அவரைக் கவனிக்க அங்கே ஆள் கிடையாது.

அன்புடன்,
உங்கள் மருமகள்