உன் வரைபடத்தில் காற்று எங்கே?

சென்னை,
வியாழன்

அன்புள்ள சீனு,

நான்கு மாதமாக ஒரு வரிகூட எழுதாததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணமில்லை, மன்னித்துவிடு. இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய புது வீட்டின் வரைபடத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சமையலறை அக்னி மூலையில்தான் இருக்கிறதா என்று மூன்று பேரிடம் கேட்ட நீ, காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறும் என்று ஒருவரிடமாவது கேட்டாயா? நான்கு அறைகளுக்கும் ஏசி; ஒவ்வொன்றிலும் ஒரே சுவரில் ஒரே ஜன்னல்; அதிலும் எவ்வளவு தள்ளினாலும் பாதிக்குமேல் திறக்காத கண்ணாடி. நம் விடுதி அறை இதைவிட மேல். வார்டன் வரும்போதெல்லாம் உன் பீடி வெளியே பறந்தது அந்த வென்டிலேட்டர் வழியாகத்தானே?

ஏசி புதுக் காற்றைக் கொண்டுவருகிறது என்றுதான் நானும் இவ்வளவு காலம் நம்பியிருந்தேன். சில மாதங்களாக விடியற்காலையில் தலை பாரமாக இருக்கிறது என்று நான் புலம்பியதைக் கேட்டு, மகன் கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி ஒன்றைக் கட்டிலருகே வைத்தான். காற்றின் பத்து லட்சம் பங்கில் அந்த வாயு எத்தனை பங்கு என்று அது காட்டும். திறந்த வெளியில் ஏறக்குறைய 420. படுக்கும்போது 600 என்று இருந்த எண், நானும் கமலாவும் கதவு ஜன்னல்களை அடைத்துத் தூங்கி எழுந்தபோது 2,600ஐத் தாண்டியிருந்தது. சுவரில் மாட்டும் ஸ்பிலிட் ஏசி, அறையில் உள்ள காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திரும்ப விடுகிறது. வெளியே இருக்கும் பெட்டி வெப்பத்தைத்தான் கொண்டுபோய்த் தள்ளுகிறதே தவிர, நாம் விட்ட மூச்சை அல்ல. அறைக் காற்றில் அந்த அளவு 1,000ஐத் தாண்டக் கூடாது என்று மியூனிக் நகரத்துச் சுகாதார அறிஞர் பெட்டன்கோஃபர் 1858ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டார். அந்த வாயுவே நஞ்சு என்பதற்காக அல்ல. மனிதர்கள் அடைத்த அறையில் காற்று எவ்வளவு பழசாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம் என்பதற்காக.

போதாக்குறைக்கு, அந்த மூடிய அறையில் கமலா கொசுவர்த்தியும் ஏற்றிவைப்பாள். ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள்கள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகையில் இருப்பவற்றுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. பீடியை விட்டு முப்பது ஆண்டாகிவிட்டது என்று மார்தட்டும் உனக்காகவே இதை எழுதுகிறேன். இப்போது நாங்கள் கொசுவலை கட்டிக்கொண்டு, ஜன்னலை ஒரு சாண் திறந்துவைத்துப் படுக்கிறோம். காலையில் எண் ஆயிரத்துக்குள் நிற்கிறது. மின்கட்டணம் கூடியிருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

ஆகவே, எதிர்ச் சுவரில் இன்னொரு ஜன்னல் வைக்கச் சொல். இடமில்லையென்றால் கூரைக்குக் கீழே பழைய வீடுகளில் இருந்ததைப் போல ஒரு வென்டிலேட்டராவது விடச் சொல், சூடான காற்று மேலே ஏறி அதன் வழியாகப் போய்விடும். அடுப்புக்கு மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் உள்ளே காற்று வர வழி இல்லாமல் அது எதை இழுத்து வெளியே தள்ளும்?

குளியலறைக்குள் எரிவாயு கெய்சரைக் குறித்திருக்கிறாய். அதை உடனே அடித்துவிடு. மூடிய அறையில் அது உமிழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். சபேசன் வீட்டில் நடந்ததை உனக்கு நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. மின்சாரக் கெய்சர் போதும்.

ஞாயிறன்று கருவியையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்; அதுவரை ஜன்னல் சட்டம் எதையும் பொருத்தவிடாதே. உன் வாஸ்துக்காரரையும் இருக்கச் சொல், அவரிடம் வாயு மூலையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

அன்புடன்,
ராகவன்