முன்வார்ப்புச் சுவரும் தளமும் சேரும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழிற்கூடத்தில் வார்த்த கான்கிரீட் சுவர்களைக் கிரேனால் நிறுத்தி வீடு எழுப்பும் பிரீகாஸ்ட் (முன்வார்ப்பு) முறை நம் வள்ளியூர், பணகுடி பக்கங்களிலும் தலைகாட்டத் தொடங்கியுள்ளது. வீடு வாங்குவோர் சுவரின் கனத்தையும் கான்கிரீட்டின் தரத்தையும் அக்கறையாக விசாரிக்கிறார்கள். தளம் சுவரோடு எப்படிப் பிணைக்கப்பட்டுள்ளது என்று மட்டும் கேட்பதில்லை.

தளத்தைச் சுவர்மேல் வெறுமனே உட்காரவைத்தாலே அதன் எடை கீழே இறங்கிவிடும். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. வினாடிக்கு 39 மீட்டர் வேகக் காற்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 கிலோ அழுத்தம் தரும்; அப்படியானால் 10 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள சுவர் இரண்டரை டன்னுக்கும் அதிகமான தள்ளுவிசையை ஏற்க வேண்டியிருக்கிறது. அந்த விசையில் பெரும்பங்கைத் தளம் வாங்கி, படுக்கவைத்த உத்தரம்போல் நின்று, காற்றின் திசைக்கு இணையாக உள்ள சுவர்களிடம் கொடுக்க, அவை அடித்தளத்தில் சேர்க்கின்றன. தளமும் சுவரும் சேரும் இணைப்பு பலவீனமானால் விசை இறங்கும் இந்தப் பாதை அறுந்துபோகும். உராய்வு தாங்கிக்கொள்ளும் என்று நம்பி விடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

1968 மே மாதம் லண்டனில் முன்வார்ப்புச் சுவர்களால் எழுப்பிய ரோனன் பாயின்ட் அடுக்குமாடிக் கட்டடத்தின் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்து ஒரு சுவர் வெளியே தள்ளப்பட்டதும், அந்த மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்ததற்கு இணைப்புகளின் பலவீனமே முக்கியக் காரணம். அதற்காக முன்வார்ப்பு முறையின்மேல் பழி போடுவதும் நியாயமல்ல: 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்தில் முன்வார்ப்புத் தூண்களும் உத்தரங்களும் கோத்த சட்டகக் கட்டடங்கள் பல நொறுங்கி விழுந்த இடத்திலேயே, பெரிய சுவர்ப் பலகைகளால் ஆன கட்டடங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன.

நல்ல இணைப்பு கண்ணுக்குத் தெரியும். தளத்தின் விளிம்பிலிருந்து கம்பிகள் நீண்டு வர வேண்டும். கீழ்ச்சுவரின் கம்பி தளத்தைக் கடந்து மேல்சுவருக்குள் ஏற வேண்டும். கட்டடத்தைச் சுற்றி ஒரு கம்பி தொடர்ச்சியாக ஓட வேண்டும். அதன்பின் தளமும் சுவர்களும் சேரும் இடைவெளியின் பரப்பைச் சொரசொரப்பாக்கி, நனைத்து, கான்கிரீட் நிரப்ப வேண்டும். தளம் தனித்தனிப் பலகைகளாக இருந்தால், வலைக்கம்பி விரித்து மேலே ஒரு கான்கிரீட் படலமும் போட்டால்தான் அவை ஒன்றாக இயங்கும். சுவரில் கம்பி நுழையும் குழல்களில் ஊற்றுவது சுருங்காத கிரௌட்டாக (இடைவெளி நிரப்பும் நீர்த்த சிமென்ட் கலவையாக) இருக்க வேண்டும், சாதாரண சிமென்ட் கலவை காய்ந்து சுருங்கி இடைவெளி விட்டுவிடும். உவரி, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களில் இணைப்புக்கான இரும்புத் தகடுகளை வெல்டிங் செய்து அப்படியே விட்டால் உப்புக்காற்றில் துரு பிடிக்கும் என்பதால், அவற்றைக் கான்கிரீட்டால் மூடியே தீர வேண்டும்.

இவையெல்லாம் பூச்சு வேலை முடிந்தபின் யார் கண்ணிலும் படாது. எனவே, வீடு வாங்குவோர் இணைப்பின் வரைபடத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்றும், கட்டட அனுமதி தரும் உள்ளாட்சி அமைப்புகள் ஒவ்வொரு மாடியிலும் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் எடுத்த இணைப்புப் படங்களைப் பொறியாளரின் கையெழுத்தோடு கோப்பில் சேர்க்கச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர்,
வள்ளியூர்.