பந்தியில் உட்காராத போட்டோகிராபர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஃபேஷன் புகைப்படக்காரர்கள் பற்றிய கட்டுரை படித்தேன். எல்லோரும் ஸ்டுடியோவில் மாடல்களை நிற்க வைத்து எடுத்தவர்கள். தெருவில் போகிறவர்களின் உடையையே நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்குப் படமெடுத்த பில் கன்னிங்ஹாம் பற்றி ஒரு வரி இல்லை. 20 வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கும் எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

ஹார்வர்டில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, நியூயார்க்கில் பெண்களுக்குத் தொப்பி செய்து விற்றவர் அவர். கேமரா கைக்கு வந்ததே 1967-இல், நாற்பதை நெருங்கும்போதுதான். சின்ன ஒலிம்பஸ் ஒன்றைக் கொடுத்த நண்பர், நோட்டுப் புத்தகம் மாதிரி வைத்துக்கொள் என்றாராம். துணியோடு பழகிய கண் என்பதால் முகத்துக்கு முன்னால் தையல்தான் அதில் படும். 1978-இல் தெருவில் போன ஒரு பெண்மணியின் கோட்டில் தோள் வெட்டு அழகாக இருக்கிறதே என்று படமெடுத்தார். அது நடிகை கிரேட்டா கார்போ என்று அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது! டைம்ஸில் அவர் படங்கள் தொடர்ந்து வர வழிவிட்டது அந்தப் படம்தான்.

அதற்கு முன்பு, அவர் எடுத்த சாதாரணப் பெண்களின் படங்களை ஒரு பத்திரிகை கேலிக்குப் பயன்படுத்தியது. வேலையே வேண்டாம் என்று வந்துவிட்டார். பின்னாளில் டீடெய்ல்ஸ் என்ற இன்னொரு இதழ் கொடுத்த காசோலைகளைக் கிழித்துப் போட்டார். காசு வாங்கினால் அவர்கள் சொல்கிறபடி ஆட வேண்டுமே! டைம்ஸிலும் 1994-இல்தான் நிரந்தர வேலையில் சேர்ந்தார். அதுவும் சைக்கிளில் போனவரை லாரி இடித்ததால், மருத்துவக் காப்பீட்டுக்காக.

கோடீஸ்வரர்களின் விருந்துக்கும் அதே சைக்கிள், பாரிஸ் தெருக் கூட்டுபவர்கள் போடுகிற அதே நீல மேல்சட்டை. அங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஒரு கல்யாணத்தில் "சாப்பிட்டுட்டு வாங்க தம்பி" என்றதும் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். பெண்ணின் பாட்டி மேடையேறி அட்சதை போட்டது ஆல்பத்தில் இல்லாமல் போனது. (சாப்பிடாவிட்டால் நம் ஊரில் மண்டபத்தை விட்டே அனுப்ப மாட்டார்கள், அது வேறு விஷயம்.)

2016-இல் 87 வயதில் இறக்கும்வரை டைம்ஸுக்குப் படமெடுத்தார். கார்போ படத்தை அனுமதி வாங்கிப் போட முடிந்தால் போடுங்கள். கீழே 'தோளைப் பாருங்கள்' என்று மட்டும் எழுதினால் போதும்.

– ஒரு கல்யாண போட்டோகிராபர், திண்டுக்கல்